பன்னிரண்டாவது நாற்காலி

இந்த வருஷம் பெரிய வியாழக்கிழமை என் காலையும் கழுவப் போகிறார்களாம். சிரம்பானில் நான் போகும் கோயிலிலிருந்து ஒரு பெண்பிள்ளை போன் செய்து சொன்னாள். இப்போதெல்லாம் பாதம் கழுவும் சடங்குக்குப் பெண்களையும் உட்கார வைக்கிறார்கள். நல்ல காரியம்தான், கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம். "ஆன்ட்டி, டுவெல்வ் பேர்ல நீங்களும் ஒருத்தங்க, ஓகே லா?" என்றாள். நான் சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல், எனக்கு எத்தனையாவது நாற்காலி என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாமே மெத்தை போட்ட நாற்காலிதான் ஆன்ட்டி என்று சமாதானம் சொன்னாள். வயசானவள், இடுப்பு வலிக்காகக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

கடைசி இராவுணவின்போது இயேசு தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதை நினைத்து, உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை மாலைப் பூசையில், பாதர் மண்டி போட்டு ஊர்க்காரர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் நடப்பதுதான். ஆனால் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அதற்கு ஒரு தனிச் சட்டம் இருந்தது. முதல் நாற்காலி ராயப்பருடையது. சீடர்களுக்குத் தலைவரான பேதுருவை எங்கள் ஆட்கள் பழைய வழக்கப்படி ராயப்பர் என்றுதான் சொல்வார்கள். கடைசி நாற்காலி, இயேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாஸுடையது. வேதபுத்தகத்தில் எங்கேயும் இப்படி எழுதியிருக்கவில்லை, பாதருக்கும் இது தெரியாது. ஆனாலும் அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவரை அடுத்த வருஷம் வரை சும்மா விடமாட்டார்கள். மரத்தடியில் பசியாற உட்கார்ந்தால்கூட, "யார காட்டிக் கொடுக்கலாம்னு யோசிக்கிறியா?" என்று கேட்பார்கள். அதனால் மற்ற நாட்களில் பிரசங்கம் பாதி முடிந்த பிறகு வருகிற ஆம்பிளைகள்கூட, பெரிய வியாழன் அன்று மட்டும் மணி அடிப்பதற்கு முன்பே வந்து முன் நாற்காலிகளைப் பிடித்துவிடுவார்கள்.

கடைசியாக வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வருஷா வருஷம் அவர்தான். அவர் தாமதமாக வருவதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி முடிப்பதற்குள் அங்கே பாட்டு ஆரம்பித்திருக்கும். உள்ளே வந்து மிச்சமிருக்கிற நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பார். "இதுக்கு ஓவர்டைம் உண்டா மச்சான்?" என்று என் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு உட்காருவார். அப்பா முறைப்பார்.

அப்பா சிரிக்காததற்குக் காரணம் உண்டு. அவர்தான் எங்கள் கோயிலுக்கு உபதேசியார். பகலில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை, மாலையில் கர்த்தருடைய வேலை. கோலா பிலாவுக்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், மேட்டின் மேலே. பாதர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பா ஜெபம் சொல்லுவார், வாசகம் வாசிப்பார், யாராவது செத்துப் போனால் அடக்கத்துக்குப் போவார், யாருக்காவது பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்டு எழுதுவார். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. பெண்கள் முறை போட்டுக் கோயிலைக் கழுவினார்கள். ஆம்பிளைகள் கிறிஸ்மஸுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்தார்கள். குருத்து ஞாயிறன்று பிடிக்கத் தென்னங்குருத்து போதாமல் போனால், கொஞ்சம் பேர் பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை ஓலையை வெட்டிக்கொண்டு வருவார்கள். அதில் முள் இருக்கும். ஓசன்னா பாடிக்கொண்டே விரலைச் சப்பிக்கொள்வோம். இப்போது நான் போகும் கோயிலில் சேவைக்கு ஒரு குழு, பகிர்தலுக்கு ஒரு குழு, அந்தக் குழுக்களுக்கு மேலே ஒரு குழு என்று இருக்கிறது. குறை சொல்லவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு விளக்குமாறும் ஒரு வாளியும்தான், அதைச் சொல்கிறேன்.

மாமாவை யாரும் பக்திமான் என்று சொல்லமாட்டார்கள். பிரசங்கத்தில் தூங்குவார். தூங்கி எழுந்ததும் சத்தமாக ஆமென் சொல்லுவார், அது பெரும்பாலும் தப்பான இடத்தில் விழும். ஆனால் அவரிடம் பசு மாடுகள் இருந்தன. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசையில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தாலும், விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் ஒரு போத்தல் பால் இருக்கும். கொடுத்தேன் என்று அவர் சொன்னதில்லை, வாங்கினோம் என்று அவர்களும் பெரிதாகச் சொன்னதில்லை. அது வழக்கமாகிப் போயிருந்தது. கல்யாணம் ஆகாதவர், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார், சோறு எங்கள் வீட்டில்.

நான் சொல்ல வந்த வருஷம், அந்த மாடுகள் போய்விட்டன.

தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். மாடு புகுந்தால் நட்ட கன்றுகளின் குருத்தைக் கடித்துவிடும் என்று, இனி யாரும் மாடு வளர்க்கக் கூடாது என ஆபீஸில் உத்தரவு போட்டார்கள். மற்றவர்கள் விற்றுவிட்டார்கள். மாமா மட்டும், இன்னும் வெட்டாமல் கிடந்த பழைய ரப்பர் காட்டுக்குள், ஓடைக்கு அந்தப் பக்கமாக ஒரு கொட்டாய் போட்டு மறைத்து வைத்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மானேஜரின் ஜீப் வேறெங்கும் நிற்காமல் நேரே ஓடைக்கரையில் போய் நின்றது. வந்த விலைக்கு மாமா எல்லாவற்றையும் விற்றார். வெள்ளைக் கன்றுக்குட்டி லோரியில் ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். மாமாவே அதைத் தூக்கி ஏற்றினார். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் மந்தின் பக்கம் ஒரு பேக்டரி வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

யார் சொல்லியிருப்பார்கள் என்பதில் தோட்டத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மானேஜர் பங்களாவில் புல் வெட்டிப் பூச்செடி பார்த்த ஒருவர் இருந்தார். பிள்ளைகள் நாங்கள் அவரைப் பங்களா அண்ணன் என்று கூப்பிடுவோம். கீழ் லயத்தில் வீடு, மனைவி, ஒரு கைக்குழந்தை. அவரும் எங்கள் கோயில் ஆள்தான். மானேஜர் கூப்பிட்டுக் கேட்டார், அவர் கையை நீட்டி வழி காட்டினார் என்று பேசிக்கொண்டார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. வேலை கொடுத்தவன் எதிரே நின்று கேட்கும்போது, இருக்கிற வீடும் அவனுடைய வீடாக இருக்கும்போது, ஒரு மனுஷன் என்ன செய்வான் என்று இன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி யாராவது கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். அவர் வீட்டுக் குழந்தைக்கும் மாமாதான் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பெண்கள் குழாயடியில் திட்டினார்கள். அவர் மனைவி குடத்தோடு வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இந்த நிலைமையில் பெரிய வியாழன் வந்தது. ஆட்கள் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு ஆம்பிளைகள் சேராவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து எல்லாரும் டவுன் கோயிலுக்கே வந்துவிடுங்கள் என்று பாதர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது கோயிலையே இழுத்துப் பூட்டுவது மாதிரி. புதன்கிழமை சாயந்தரம் நாலைந்து பேர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். என் அப்பாவையும் மாமாவையும் சேர்த்து எப்படிப் பார்த்தாலும் பதினொரு பேர்தான் வந்தது.

"பங்களாவுல இருக்கிறவன கூப்பிடணும். வேற வழி இல்ல" என்றார் அப்பா.

 பிறகு லோரி ஓட்டுகிறவர் சொன்னார். "கூப்பிடுங்க, வரட்டும். ஆனா அவனுக்கு எந்த நாக்காலின்னு எங்களுக்குத் தெரியும். நாங்க எல்லாரும் நேரத்தோட வந்து உக்காந்துர்றோம். உங்க மச்சான முதல் நாக்காலியில வச்சிரலாம்."

அப்பா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து கீழ் லயத்துக்குப் போய் அந்த ஆளைக் கூப்பிட்டுவிட்டு வந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பள்ளிக்கூட லோரியில் பையன்கள் என்னை "யூதாஸ் மருமகளே" என்று கூப்பிடுவார்கள். எத்தனை பேரைக் கிள்ளியும் அது நிற்கவில்லை. அந்த வருஷம் எப்படியாவது மாமாவை வேறு நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று, ஒரு வாரமாக அவர் பின்னால் அலைந்து சத்தியம் வாங்கியிருந்தேன். "சரி லா, சத்தியமா வேற நாக்காலி, போதுமா?" என்றிருந்தார். இப்போது பார்த்தால், மாமா ராயப்பர் ஆகிறார், மாட்டைக் காட்டிக் கொடுத்தவன் யூதாஸ் ஆகிறான். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டு இரண்டு காரியத்தையும் ஒரே நேரத்தில் முடித்துக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

பாதம் கழுவுவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் பாதத்தைக் கழுவிக்கொள்ளும் அழகு தனி. பாதருக்கு முன்னால் அழுக்குக் காலை நீட்டுவதா? புதன்கிழமை ராத்திரி எல்லா வீட்டிலும் சுடுதண்ணீர் கொதிக்கும். ரப்பர் பால் கறையும் வெடித்த குதிகாலும் செங்கல் தூள், சவுக்காரம், தேங்காய் நார் எல்லாவற்றிலும் உரசி எடுக்கப்படும். வருஷத்திலேயே தோட்டத்தில் மிகச் சுத்தமான கால்கள்தான் பாதர் கைக்குப் போகும். மாமா மட்டும் வலது காலைத் தேய்த்துவிட்டு எழுந்துவிட்டார். பாதர் வலது காலைத்தானே கழுவுவார், இடது காலுக்கு எதற்கு வீண் சவுக்காரம் என்றார்.

மறுநாள் சாயந்தரம் நானும் அம்மாவும் போனபோதே ஆம்பிளைகள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். மாமா தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, முதல் நாற்காலியில் இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. லோரிப் பையன்கள் இருந்த பக்கம் திரும்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

எங்கள் பாதர் சீனர். தமிழ்ப் பூசையை எப்படியோ கற்றுக்கொண்டு முழுதாகச் சொல்லிவிடுவார். பாதம் என்பது மட்டும் அவர் வாயில் பாடம் என்று வரும். "பாடம் கழுவும் சடங்கு" என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் குனிந்து சிரித்தோம். அந்த நேரத்தில்தான் பங்களா அண்ணன் வந்தார். மானேஜர் வீட்டில் விருந்தாம், அப்போதுதான் விட்டிருக்கிறார்கள். போட்டிருந்த சிலுவாரின் கால் பக்கம் முழுக்கப் புல். பாதங்களில் சேறு. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதைப் பார்த்தார். பதினொரு பேரும் அவரைப் பார்க்காமல் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பக்தியோடு அவர்கள் பீடத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே போனாலும் மானம் போகும், திரும்பிப் போனாலும் மானம் போகும். பாதர் ஒன்றும் தெரியாமல் குவளையும் துண்டுமாகக் காத்திருந்தார்.

அப்பாதான் தன் நாற்காலியிலிருந்து அவருக்குக் கையைக் காட்டினார், கடைசி நாற்காலியை நோக்கி.

பங்களா அண்ணன் நாலைந்து அடி வைத்திருப்பார். மாமா எழுந்துவிட்டார். கிடுகிடுவென்று அந்தக் கடைசிக்குப் போய், அவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். "அண்ணே, இது என் எடம்" என்றார், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எத்தன வருஷமா நான் உக்காந்த எடம். இப்ப வந்து கேட்டா எப்படி லா? நீங்க முன்னால போங்க, அங்க காலியாத்தான் இருக்கு."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். லோரி ஓட்டுகிறவர் என்னவோ முணுமுணுத்தார். பங்களா அண்ணன் நின்ற இடத்திலேயே கொஞ்சம் நின்றார். மாமா தலையை ஆட்டி, போங்க போங்க என்றார். பங்களா அண்ணன் எல்லோரையும் கடந்து நடந்து போய் ராயப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுவித் துடைத்திருந்த சிமெண்டுத் தரையில் சேற்றுக் காலடி வரிசையாக விழுந்தது.

பாதர் முதல் நாற்காலியிலிருந்துதானே ஆரம்பிப்பார். மண்டியிட்டு அவருடைய வலது காலை எடுத்தார். அவர் வெட்கப்பட்டு இழுத்துக்கொள்ளப் பார்த்தார், பாதர் குதிகாலை விடவில்லை. அதுவரைக்கும் எங்கள் கோயிலில் அந்தத் தண்ணீர் விழுந்த மாதிரியே தெளிவாகத்தான் இருக்கும். அன்றைக்கு முதல் காலிலேயே, கீழே வைத்த தட்டு முழுக்கச் சேறாகிவிட்டது. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த புல்லைப் பாதர் ஒவ்வொன்றாக எடுத்தார். அம்மா நீலம் போட்டு வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்த துண்டால் துடைத்தார். பங்களா அண்ணனின் தோள்கள் குலுங்கின. உள்ளங்காலில் கூச்சம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு பாதர் அதே துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார், அதற்கு அடுத்ததற்குப் போனார். செங்கல் போட்டுத் தேய்த்த கால்களெல்லாம் அந்தச் சேற்றுத் துண்டில்தான் துடைக்கப்பட்டன. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கோ மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று வரிசை தள்ளி அந்த லோரிப் பையன்கள் ஓசையில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "யூதாஸ் மருமகளே" என்றார்கள்.

பூசை முடிந்ததும் பன்னிரண்டு பேருக்கும் பாதர் ஆளுக்கொரு ரொட்டி கொடுப்பது வழக்கம். கோலா பிலாவில் வாங்கிய பெரிய வெள்ளை ரொட்டி. பங்களா அண்ணன் அதற்குள் போய்விட்டிருந்தார், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. அவருடைய ரொட்டி முதல் நாற்காலியின் மேலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. கடைசியில் கோயிலைப் பூட்டும்போது அப்பா அதைத் தன் ரொட்டியோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்.

மாமா வெளியே மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். தன் ரொட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"சத்தியம் பண்ணீங்க" என்றேன்.

"பண்ணேன். வேற நாக்காலியிலதானே உக்காந்தேன்? பாதி பூச வரைக்கும் உக்காந்தேன்ல?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு சின்னப் பெண் ரொட்டியை வேண்டாம் என்றதற்கா ஒரு பெரிய ஆள் இப்படிக் கலங்குவார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மாமா சாப்பிட வரவில்லை. ரொட்டிகள் இரண்டும் மேசையின் மேல் இருந்தன. டின் பாலில் தோய்த்துத் தின்ன ஒன்று போதாது, இரண்டு என்றால் நாளைக்கும் வரும் என்று என் புத்தி ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம் அந்த நாற்காலியே நினைவில் இருந்தது. தோட்டத்துச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும்: அதில் உட்கார்ந்தவன்தான் காட்டிக் கொடுத்தவன். மாமா தானாகவே எழுந்து போய் உட்கார்ந்தார். அது என் இடம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்.

"அம்மா, மாமாவேதான் மாட்டக் காட்டிக் கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என்னைத் திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார், சட்டையைப் போட்டுக்கொண்டார், டார்ச் லைட்டை எடுத்தார்.  அம்மா மேசையில் இருந்த ரொட்டிகளில் ஒன்றைச் சுத்தமான துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு மற்ற ரொட்டியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் ஜன்னலில் ஏறிப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் மாமா வீட்டைத் தாண்டிக் கீழ் லயத்துப் பக்கம் இறங்கியது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மாமா மேல் தப்பு இல்லை, தப்பெல்லாம் அந்த ஆள் மேல்தான், கோயிலில் வைத்துக் கேட்கக் கூடாது என்று பொறுத்திருந்த அப்பா இப்போது வீட்டுக்கே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போகிறார் என்று புரிந்துவிட்டது. நன்றாகக் கேட்டுவிட்டு வரட்டும் என்று நிம்மதியாகப் படுத்தேன். சண்டை போடப் போகிறவர் இரண்டு ரொட்டியையும் எதற்கு எடுத்துக்கொண்டு போனார் என்பது ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை.